பாட்டு வந்த வழியே தெற்கு நோக்கி

புதன், சிகாகோ

தெற்கு இண்டியானா அவென்யூவில் 33-ஆம் தெரு முனையில் கூரையில்லாத கற்சுவர்கள் இரும்பு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சுற்றிலும் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே, ஒரு காலத்தில் பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்த இடத்தில், களை மண்டியிருக்கிறது. பில்கிரிம் பாப்டிஸ்ட் சர்ச். 1890-91இல் கட்டடக் கலைஞர்கள் அட்லரும் சல்லிவனும் யூதர்களின் தொழுகைக்கூடமாகக் கட்டிய கட்டடம். 1920-களில் கறுப்பின மக்களின் சர்ச் ஆனது. 2006 ஜனவரியில் கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து, உள்ளே இருந்தது எல்லாம் சாம்பலாகிவிட்டது.

மச்சான் வேலியோரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், இதப் பாக்கவா என்னைய விடியக்காலம் எழுப்புனீங்க?"

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி. ஒஹாயோவில் வேலை. கிடார் நன்றாக வாசிப்பான், கறுப்பின மக்களின் ஏக்கப் பாட்டான ப்ளூஸ் என்றால் உயிர், அவர்களுடைய சர்ச் பாட்டான காஸ்பல் என்றால் கொட்டாவி விடுவான். நான் பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், டெனர் பாடி வளர்ந்தவன். சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா என்ற பருத்திச் சமவெளி வரை போகலாம் என்று முடிவானதும் அவன் ப்ளூஸ் ஊர்களை எழுதினான், நான் காஸ்பல் ஊர்களை எழுதினேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே ஊர்கள்தான். இது ஏன் என்று கேட்டால், பதில் இந்தக் கருகிய சுவரிலிருந்தே தொடங்குகிறது.

இங்கே பல பத்தாண்டுகள் கொயரை நடத்தியவர் தாமஸ் டார்சி. காஸ்பல் இசையின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1899இல் ஜார்ஜியாவில் பிறந்தார். அப்பா போதகர். ஆனால் பையன் கற்றுக்கொண்ட பியானோ கேளிக்கை விடுதிகளிலும் ராத்திரி விருந்துகளிலும் வாசிக்கும் பியானோ. சிகாகோ வந்ததும் ப்ளூஸின் தாய் எனப்பட்ட மா ரெய்னியின் குழுவுக்குப் பியானோக்காரர் ஆனார். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் கிடார்க்காரர் டாம்பா ரெட்டுடன் சேர்ந்து 1928இல் ஒரு இரட்டை அர்த்தப் பாட்டைப் போட்டார். அது சக்கைப்போடு போட்டது. மச்சானுக்கு அந்த ரெக்கார்டு மனப்பாடம். அதை வாசித்தவரும் இந்தச் சர்ச்சில் நின்றவரும் ஒரே ஆள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. செல்போன் பைக்குள் போனது.

டார்சி செய்தது இதுதான்: ப்ளூஸின் தாளத்தையும் நெளிவையும் ஏக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் கடவுளிடம் பேசும் பாட்டாக்கினார். சிகாகோவின் வசதியான கறுப்பினச் சபைகளுக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ஐரோப்பியச் சங்கீதம்தான் கௌரவம். பல சர்ச்சுகள் அவரை வாசலோடு திருப்பி அனுப்பின. எனக்கு இது புரியாத விஷயமில்லை. எங்கள் ஊரில் பாமாலையை நிமிர்ந்து நின்று பாட வேண்டும். தெரியாமல் கை தட்டிவிட்டால் முன்வரிசைப் பெரியவர் மெல்லத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை டார்சி வருடக்கணக்கில் வாங்கியிருக்கிறார்.

1932இல் செயின்ட் லூயிஸில் ஒரு கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. நிறைமாத கர்ப்பிணியாக விட்டுவந்த மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டாள். ஊர் திரும்பினால் பிள்ளை உயிரோடு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் அடக்கம் செய்தார்கள். இனிமேல் சாமிப் பாட்டே வேண்டாம், ப்ளூஸுக்கே போய்விடுகிறேன் என்றுதான் அவர் இருந்திருக்கிறார். சில நாள் கழித்து ஒரு பியானோ முன்னால் உட்கார்ந்தபோது, பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டை விரல்கள் தேட, வார்த்தைகள் வந்தன. களைத்துவிட்டேன், தளர்ந்துவிட்டேன், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கேட்கிற பாட்டு. 'பிரெஷியஸ் லார்ட்'. யாரையும் தேற்றுவதற்காக எழுதியதில்லை. தனக்கு நிற்க ஒரு இடம் வேண்டும் என்று எழுதியது. இந்தப் பயணம் முழுக்க நான் துரத்தப்போவது இந்த ஒரு பாட்டைத்தான்.

இந்த இடத்தில் காஸ்பல் இசைக்கு அருங்காட்சியகம் கட்டும் திட்டம் இருக்கிறது. இப்போதைக்குக் களைதான்.

வியாழன், சிகாகோ

இன்று மச்சானின் நாள். தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120. செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனி இயங்கிய கட்டடம், இப்போது ப்ளூஸ் பாட்டெழுதிய வில்லி டிக்சன் பெயரிலான அறக்கட்டளையின் கையில். மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், சக் பெரி எல்லோரும் செஸ்ஸின் பாடகர்கள். மட்டி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட லண்டன் பையன்கள், ரோலிங் ஸ்டோன்ஸ், 1964இல் இந்த மாடிக்கே வந்து ஒலிப்பதிவு செய்தார்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. அத்தனை எடையுள்ள ஆம்ப்ளிஃபயர்களை இதில் எப்படித் தூக்கினார்களோ. மச்சான் ஒவ்வொரு படியையும் படம் எடுத்தான். நான் கீழே காத்திருந்தேன்.

எனக்கு வேண்டியவர் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன். 1911இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பதினாறு வயதில் சிகாகோ வந்தவர். வீட்டுவேலை, துணி வெளுப்பு, அப்புறம் சொந்தமாக அழகுநிலையம், பூக்கடை. சிறுவயதில் பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டார். ஆனால் எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும் ப்ளூஸ் பாடமாட்டேன் என்று கடைசிவரை நின்றார். டார்சி புதுப் பாட்டு எழுதுவார். மஹாலியா தெருமுனையில் நின்று பாடிக் காட்டுவார். கூட்டம் கூடினதும் டார்சி பாட்டுத் தாளை 10 சென்ட்டுக்கு விற்பார். அவர்கள் வளர்ந்த வழி இதுதான். 1947இல் வந்த ஒரு ரெக்கார்டு மஹாலியாவை நாடறியச் செய்தது. 1956இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். யாரோ ஜன்னலில் சுட்டார்கள். அவர் காலி செய்யவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் மனம் சோர்ந்த இரவுகளில் மஹாலியாவுக்குப் போன் போட்டுப் பாடச் சொல்வாராம். அவர் பாடுவாராம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணி. மஹாலியா பாடினார். அப்புறம் கிங் பேசினார். எழுதி வைத்திருந்த உரையைப் படித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்து, பின்னாலிருந்த மஹாலியா அந்தக் கனவைப் பற்றிச் சொல்லு மார்ட்டின் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அந்தப் பகுதிதான் இன்றைக்கு நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிற பகுதி.

"பேசிக்கிட்டிருக்கிறவர இடையில கூப்பிடலாமா அத்தான்? நம்ம ஊர்ல போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணும்போது அப்படி யாராவது சத்தம் போட முடியுமா?" என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கும் சரியான பதில் இல்லை.

ராத்திரி எட்டு மணி வாக்கில் யூனியன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்'. 1943இல் மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியிலிருந்து ஒரு சூட்கேசும் கிடாருமாக வடக்கே வந்ததும் இந்த இல்லினாய்ஸ் சென்ட்ரல் தடத்தில்தான். லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் பருத்திக் காட்டை விட்டு வந்த வழி. நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம்.

வெள்ளி, மெம்பிஸ்

விடியும்போது இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து லொரெய்ன் மோட்டல் நடக்கிற தூரம். இப்போது அது தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். வெளியிலிருந்தே 306-ஆம் அறையின் வராந்தா தெரியும். கம்பியில் ஒரு மலர்வளையம், கீழே இரண்டு பழைய கார்கள். 1968 ஏப்ரல் 4 சாயங்காலம் கிங் அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நகரத்துத் துப்புரவுத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்காக வந்தவர். கீழே கார் நிற்கும் இடத்தில் சாக்ஸஃபோன் கலைஞர் பென் பிராஞ்ச் நின்றிருந்தார். அன்றைய கூட்டத்தில் 'பிரெஷியஸ் லார்ட்' வாசிக்க வேண்டும், நன்றாக வாசிக்க வேண்டும் என்று கிங் மேலேயிருந்து சொன்னார். அடுத்த சில நொடிகளில் குண்டு பாய்ந்தது.

டார்சி தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு எழுதிய பாட்டு, முப்பத்தாறு வருடம் கழித்து இன்னொருவர் கடைசியாக விரும்பிக் கேட்ட பாட்டு. ஐந்து நாள் கழித்து அட்லாண்டாவில் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா அதைப் பாடினார். 1969 கோடையில் நியூயார்க் ஹார்லெமில் ஒரு பூங்காவில் இலவசக் கச்சேரி. மேடையில் பென் பிராஞ்சின் குழு. மஹாலியாவுக்கு உடம்பு சரியில்லை. பக்கத்தில் நின்ற பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸிடம் நீ தொடங்கு என்றார். மேவிஸுக்கு அப்போது வயது முப்பதுதான். சின்ன வயதிலிருந்து மஹாலியாவைக் கேட்டு வளர்ந்தவள். அவள் தொடங்கினாள். பிறகு மஹாலியாவும் சேர்ந்துகொண்டார். ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு இருவரும் பாடியதன் படச்சுருள் இருக்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும், அது போட்டி இல்லை. 1972இல் மஹாலியா இறந்தார். அந்த அடக்கத்தில் அதே பாட்டைப் பாடியது அரீதா ஃப்ராங்க்ளின்.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லிக்கொண்டே மெக்லமோர் அவென்யூவுக்குப் போனோம். ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம். ஜிம் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரரும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் பழைய சினிமா கொட்டகையை ஸ்டூடியோவாக மாற்றி நடத்திய ரெக்கார்டு கம்பெனி. ஓடிஸ் ரெட்டிங், ஐசக் ஹேய்ஸ் எல்லாம் இதன் பாடகர்கள். அந்தக் கட்டடத்தை 1989இல் இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் அதே மாதிரி எழுப்பி 2003இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

காஸ்பலும் ப்ளூஸும் கலந்து பிறந்த சோல் இசையின் அருங்காட்சியகத்துக்குள் போனால் முதலில் வருவது என்ன? ஒரு மரச் சர்ச். மிசிசிப்பியின் டங்கன் என்ற ஊரில் 1906 வாக்கில் கட்டியதைப் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். பலகைகளில் சாயம் போய்விட்டது. பெஞ்சுகள் குறுகல், சாய்மானம் செங்குத்து. தூங்கிவிடக்கூடாது என்றே செய்திருப்பார்கள் போல. மச்சான் அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. ஐசக் ஹேய்ஸின் தங்க முலாம் பூசிய காடிலாக்கைப் பார்க்க வேண்டும் என்று ரயிலில் இருந்தே சொல்லிக்கொண்டு வந்தவன்.

மேவிஸின் அப்பா ராபக் 'பாப்ஸ்' ஸ்டேபிள்ஸ் கதையும் இங்கே கிடைக்கிறது. டெல்டாவில் டாக்கரி பண்ணையில் வளர்ந்தவர். அங்கே சார்லி பேட்டனின் ப்ளூஸ் கிடாரைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அந்தக் கிடாரை வைத்துக்கொண்டே பிள்ளைகளோடு சர்ச் சர்ச்சாகப் பாடினார். மான்ட்கமரியில் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, இவர் இதைப் பேச முடியுமானால் நாம் இதைப் பாட முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் பாடியதெல்லாம் போராட்டத்தோடு சேர்ந்தே நடந்தது. 1965இல் ஓட்டுரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடந்தவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுதினார். கிங்கிடமிருந்து பாப்ஸுக்கு, பாப்ஸிடமிருந்து நடந்தவர்களுக்கு.

சாப்பாடு: பன்றி விலா. விவரிக்கத் தேவையில்லை, மெம்பிஸில் அதைத் தவிர வேறு சாப்பிடவும் விடமாட்டார்கள்.

சனி, கிளார்க்ஸ்டேல்

வாடகைக் காரில் 61-ஆம் நெடுஞ்சாலை. மெம்பிஸ் எல்லை தாண்டினதும் நிலம் சட்டென்று தட்டையாகிறது. அறுவடைக் காலம். வயல் ஓரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் உருளை உருளையாகப் பருத்திக் கட்டுகள், மஞ்சளும் இளஞ்சிவப்புமாக பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கின்றன. ரோட்டோரப் புல்லில் பஞ்சு சிக்கியிருக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லை. நூறு பேர் குனிந்து நின்ற இடத்தில் இப்போது ஒரு இயந்திரமும் ஏசி அறைக்குள் ஒருவரும்தான்.

டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் பழைய ரயில்வே சரக்குக் கிடங்கில் இருக்கிறது. உள்ளே, ஸ்டோவால் பண்ணையில் மட்டி வாட்டர்ஸ் குடியிருந்த மரக் குடிசையின் மிச்சம். அவருடைய முழு உருவ மெழுகுச் சிலையும் உண்டு, அது இல்லாமலே இருந்திருக்கலாம். 1941 ஆகஸ்டில் அந்தக் குடிசைக்கு நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். பாடச் சொல்லி, பதிந்து, அங்கேயே போட்டுக் காட்டினார்கள். தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்ட மட்டி, நம்மாலும் முடியும் என்று அந்த நிமிடத்தில்தான் நினைத்தார். பிற்பாடு லோமாக்ஸ் அனுப்பிய இசைத்தட்டைக் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் போட்டுப் போட்டுக் கேட்டாராம். இரண்டு வருடத்தில் ரயில் ஏறிவிட்டார்.

இந்தக் குடிசையின் பலகை ஒன்றை எடுத்துப் போய் ஸீஸீ டாப் என்ற ராக் குழுவின் பில்லி கிப்பன்ஸ் கிடாராகச் செய்தார். அதுவும் இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

எனக்குப் பிடித்தது வேறு. அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபிறகு ப்ளூஸ் வகுப்பு நடத்துகிறது. 1999இல் இந்த ஊரில் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம் அந்த வகுப்பில் படித்தவர்தான். ஊரின் தொலைபேசிக் குறியீடு 662. அதையே பெயராக வைத்து வெளியிட்ட ஆல்பத்துக்கு 2022இல் கிராமி இசை விருது வாங்கினார். கிராமி பெரிய விஷயம்தான். அதைவிட, இந்த வகுப்பில் கிடார் பிடிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அவரைச் சுவரில் இருக்கும் படமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இந்த மண்ணின் இன்னொரு ஆள் சன் ஹவுஸ். பதின்வயதிலேயே பிரசங்கம் செய்ய ஆரம்பித்தவர். கிடார் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இருபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் கண்ணாடிக் குழாயைக் கம்பியில் இழுத்து ஸ்லைடு கிடார் வாசிப்பதைக் கேட்டு மயங்கி, தானும் கிடாரைக் கையில் எடுத்தார். ராபர்ட் ஜான்சனும் மட்டி வாட்டர்ஸும் அவரைக் கேட்டுப் படித்தவர்கள். சாகும்வரை அவருக்குள் போதகரும் ப்ளூஸ்காரரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரலில் அது கேட்கும்.

ராத்திரி ஒரு ஜூக் ஜாயிண்ட். தாழ்ந்த கூரை, சிவப்பு விளக்கு, வாசலில் பெட்ரோல் பீப்பாயில் கோழி சுடுகிறார்கள். மேடை கிடையாது, தரையில் ஒரு கிழிந்த கம்பளம். எழுபது வயதிருக்கும் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். கூட்டம் ஏதோ சொல்லும். அதற்குப் பதில் சொல்வதுபோல் அடுத்த வரி வரும். பின்பாட்டுக்காரர்கள் இல்லாத வில்லுப்பாட்டைப் பார்த்தவர்கள் இருக்கமாட்டார்கள். இங்கே அந்த வேலையைக் கேட்க வந்தவர்களே செய்கிறார்கள். பாரில் நின்ற பெண்மணி ஒவ்வொரு வரிக்கும் சரிதான், சரிதான் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நாளை காலை எங்கள் சர்ச்சுக்கு வாருங்கள், பதினொரு மணிக்கு என்றார். இவரே கொயரில் ஆல்ட்டோ.

ஞாயிறு, கிளார்க்ஸ்டேலிலிருந்து இண்டியனோலா

சர்ச் சின்னது. செங்கல் கட்டடம், எண்பது பேர் இருந்தால் அதிகம். வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்தார். ஒரு பக்கம் கிங் படம், மறுபக்கம் உள்ளூர் சவ அடக்க நிலையத்தின் விளம்பரம். முன்வரிசையில் மூத்த பெண்கள், தொப்பி முதல் செருப்பு வரை வெள்ளை. புதிதாக வந்தவர்கள் எழுந்து ஊரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். எழுந்து இந்தியா, தமிழ்நாடு என்றேன். கை தட்டினார்கள். நேற்றைய பெண்மணி நீல அங்கியில் கொயரில் இருந்தார். எங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு பெரியவர் எழுந்து, வாத்தியம் ஏதுமின்றி, பழைய ஞானப்பாட்டின் ஒரு வரியை வேகமாக ஒப்பித்தார். சபை அந்த ஒரு வரியை எடுத்து இழுத்தது, இழுத்தது, ஒவ்வொரு எழுத்தையும் வளைத்து, ஆளுக்கொரு பாதையில் போய், கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. அப்புறம் அடுத்த வரி. புத்தகம் கிடைக்காத, எழுத்துப் படிக்க அனுமதிக்கப்படாத காலத்திலிருந்து வரும் முறை. மச்சான் என் காதில், "அத்தான், இது ஸ்லைடு கிடார்" என்றான். அந்த நெளிவு கிடாரிலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து கிடாருக்குப் போனதா என்று இனிமேல் அவன் என்னிடம் கேட்கமாட்டான்.

கொயர் முறை வந்தது. பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் முன்னால் வந்தான். கழுத்து டை அப்பாவுடையதாக இருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே தொங்கியது. நல்ல குரல். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அம்மாமார் தலையைக் குனிந்துகொள்வார்கள், கொயர் மாஸ்டர் பல்லைக் கடிப்பார். இங்கே முன்வரிசை வெள்ளுடை அம்மா ஒருவர் உட்கார்ந்தபடியே, "மெதுவா, ராசா, மெதுவா. அவசரமே இல்ல" என்கிற மாதிரி குரல் கொடுத்தார். பின்னாலிருந்து இன்னொருவர். ஆர்கன்காரர் அந்த ஒரு சுருதியையே பிடித்துக்கொண்டு, அடியில் லேசாக அலையவிட்டு நின்றார். சபை முழுக்க முணுமுணுப்பாக மெட்டைப் பிடித்துக்கொண்டது. பையன் மூச்சு விட்டான். மறந்த வரியை விட்டுவிட்டு முதல் வரிக்கே திரும்பினான், முன்னைவிட ஒரு படி மேலே. அப்புறம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை. நானும் எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது என்று தெரியாது.

வியாழக்கிழமைக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். இங்கே பேசுகிறவரை, பாடுகிறவரைக் கூப்பிடுவது இடைமறிப்பது இல்லை. தூக்கி விடுவது. வாஷிங்டனில் மஹாலியா செய்தது, ஒரு சர்ச்சின் முன்வரிசை அம்மா ஞாயிறுதோறும் செய்கிற வேலை. கிங்கும் அதைக் கேட்டு வளர்ந்த போதகர் வீட்டுப் பிள்ளை, அதனால்தான் உடனே புரிந்துகொண்டார். பாடகர் கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இங்கே யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று பிரிக்கவே முடியவில்லை.

'பிரெஷியஸ் லார்ட்' பாடுவார்கள் என்று காத்திருந்தேன். பாடவில்லை.

பிற்பகல் இண்டியனோலா. ப்ளூஸ் கிடார்க்காரர் பி.பி. கிங்கின் அருங்காட்சியகம், 2008இல் திறந்தது. அவர் இளம்வயதில் வேலை செய்த பருத்தி ஜின்னிங் ஆலைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2015இல் இறந்தபின் அவரை இங்கேயே அடக்கம் செய்தார்கள். முதல் கிடார்ப் பாடம் அவருக்கு ஒரு போதகரிடமிருந்து. பையன் தானும் போதகராக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். டிராக்டர் ஓட்டிக்கொண்டே சனிக்கிழமைகளில் இந்த ஊர்த் தெருமுனையில் கிடாரோடு உட்காருவான். காஸ்பல் கேட்டவர்கள் தலையைத் தடவி, நன்றாய் இருப்பாய் மகனே என்று சொல்லிப் போனார்கள். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போட்டார்கள். உலகத்துக்கு ஒரு பி.பி. கிங் கிடைத்தது அந்தக் கணக்கில்தான். மச்சானுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, ராத்திரிச் சாப்பாடு வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சாப்பாடு சோள மடலில் சுற்றி வேகவைத்த தமாலே. மெக்சிகோ உணவு இந்தப் பருத்திக் காட்டில் எப்படி ஊன்றியது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். காரம் நம் நாக்குக்குப் போதும்.

திங்கள், ரூல்வில்

இண்டியனோலாவிலிருந்து வடக்கே அரை மணி நேரம். ஓட்டுரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் நினைவுத் தோட்டம். கையில் மைக் பிடித்த வெண்கலச் சிலை, பக்கத்தில் அவரும் கணவரும் அடங்கிய கல்லறைகள்.

இவர் ரெக்கார்டு போட்டுப் பேர் வாங்கிய பாடகி இல்லை. குத்தகைக் கூலிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனார். ஒரே பண்ணையில் பதினெட்டு வருடம். நாற்பத்து நான்காம் வயதில்தான் தனக்கு ஓட்டுப் போட உரிமை உண்டு என்றே தெரிந்துகொண்டார். 1962 ஆகஸ்ட் 31, ரூல்விலிலிருந்து பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதியப் போனார்கள். நாங்கள் இன்று காலை வந்த வழிதான் அவர்கள் திரும்பி வந்த வழி. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். நடைமுறையில் மட்டும் உள்ள சட்டங்களைப் பற்றியது. குதிரைக்குக் கிறிஸ்துமஸ் தெரிகிற அளவுக்குத்தான் எனக்கு அதைப் பற்றித் தெரியும் என்று ஹேமர் பின்னால் சொன்னார். தோற்றார்.

திரும்பும்போது போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குற்றம்: பஸ்ஸின் மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறது, பள்ளிக்கூட பஸ் மாதிரித் தெரிகிறது. ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம். யாரிடமும் அவ்வளவு இல்லை. கடைசியில் 30 டாலருக்கு இறங்கினார்கள், அதை எல்லோரும் சேர்ந்து போட்டுக் கட்டினார்கள். நடுரோட்டில், அடுத்து சிறையா வேறு ஏதாவதா என்று தெரியாமல் பஸ்ஸுக்குள் எல்லோரும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, ஒரு குரல் பாட ஆரம்பித்தது. ஹேமர். ஒரு சர்ச் பாட்டு, அப்புறம் இன்னொன்று. 'திஸ் லிட்டில் லைட் ஆஃப் மைன்' அதில் ஒன்று. பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளியில் ஆள்காட்டி விரலை மெழுகுவத்தியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் பாடிய அதே பாட்டு. எங்களுக்கு அது பிஸ்கட் கிடைப்பதற்கு முன்னால் பாட வேண்டிய பாட்டு, அவ்வளவுதான்.

அன்று மாலையே பண்ணை முதலாளி, பதிவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார். நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு ஹேமர் அன்றிரவே கிளம்பினார். பஸ்ஸில் யார் பாடினார்கள் என்ற செய்தி போராட்டக்காரர்களுக்குப் போனது. அந்தக் குரலைத் தேடி வந்து அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது, ஒரு கண்ணில் பார்வை மங்கியது. அந்தச் சிறையிலும் பாடினார். மற்ற அறைகளில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு ராத்திரியைக் கடத்தினார்கள். அடுத்த வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் தந்த சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கூட்டங்களில் பேச்சுக்கு முன்னும் பின்னும் பாட்டுதான். பேச்சைக் கேட்டுப் பதிய வந்தவர்களைவிட, பாட்டுக்கு வாய் திறந்துவிட்டு, இனிமேல் பின்வாங்க முடியாது என்று வந்தவர்கள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை சேர்ந்து பாடிவிட்டால் கூட்டத்தில் யாரோ ஒருவராக ஒளிந்துகொள்ள முடியாது.

தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து எந்த ஊர் என்றார். சொன்னேன். "அங்கேயும் இவங்களத் தெரியுமா?" என்று கேட்டார். பாட்டைத் தெரியும், பாடியவரைத் தெரியாது என்று சொன்னேன். சரி, இப்போது தெரிந்துவிட்டதல்லவா என்று இயந்திரத்தை மறுபடி முடுக்கினார்.

காரில் ஏறியதும் மச்சான் தன் தாளை எடுத்தான். பாக்கி ஒன்றுதான்: ராபர்ட் ஜான்சன் கல்லறை. 1938இல் கிரீன்வுட் பக்கம் இறந்தவர், சாத்தானுக்கு ஆத்மாவை விற்றுக் கிடார் கற்றார் என்று ஊரே கதை கட்டிய ப்ளூஸ்காரர். எங்கே புதைத்தார்கள் என்பதில் தகராறு இருப்பதால் மூன்று இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள். மச்சான் மூன்று முகவரியையும் வரிசையாக மேப்பில் போட்டான். லிட்டில் ஸையன் சர்ச், மவுண்ட் ஸையன் சர்ச், பெய்ன் சேப்பல்.

"அத்தான், இதுவும் உங்க பட்டியல்லதான் வரும் போல" என்றான். நாளைக்குக் காலையில் முதலில் கிரீன்வுட்.